பச்சைக் கம்பி

ஓவன் வந்து நாற்பத்தொரு நாள்.
அட்டைப்பெட்டியைப் பிரிக்கவில்லை.
அதன்மேல் பூனை தூங்குகிறது,
பாறசாலைக் கடைக்காரன் எழுதிய பில்லைத்
தலைக்கு வைத்துக்கொண்டு.

மஸ்கட்டிலிருந்து அவர் கேட்கிறார்:
"மிக்ஸி பிளக்கில சொருகினா என்னவாம்?"

ஓவன் மூவாயிரம் வாட்.
இண்டக்‌ஷன் அடுப்பு, நாலு வட்டமும் ஓடினால், ஏழாயிரம்.
வீட்டுக்கு வாரியம் தந்திருப்பது மொத்தமே மூவாயிரம்.
கேக்குக்கு முட்டை எண்ணுகிறவளுக்கு
இந்தக் கணக்கு கஷ்டமில்லை.
களியக்காவிளை ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தேன்.
மூணு ஃபேஸ் வர ஆறு வாரம் என்றார்கள்.

எங்கள் பளுகலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம்.
இங்கே கரண்டு போனால்
சுகந்தகுமாரி வீட்டில் சீரியல் ஓடும்.
அங்கே போனால் அவள் மாவு
என் கிரைண்டரில் அரையும்.

ஃபேஸ் வந்த மறுநாள் டென்னிசன் வந்தான்.
மெயினை அணைத்தான்.
அணைந்ததா என்று டெஸ்டரால் இரண்டு தரம் பார்த்தான்.
பழைய போர்டின் திருகாணிகளை
என் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டான்.
சிவப்பு வந்தது. கறுப்பு வந்தது.
பச்சையைப் பிடித்து இழுத்தான்:
ஒரு சாண்.
முனையில் சிமென்ட் ஒட்டி
பல்லி வால் மாதிரி கையோடு வந்தது.
"சேச்சி, இது எங்கும் போணில்லல்லோ."

எங்கும் போகவில்லை.
பத்தொன்பது வருஷம்
ஃபிரிட்ஜைத் திறக்கச் செருப்புப் போட்டோம்.
புறங்கையால் தொட்டுப் பார்த்துப் பிடித்தோம்.
வந்தவர்களிடம் சொன்னோம்,
லேசாக் கடிக்கும், பயப்படாதீங்க,
நாயைப் பற்றிச் சொல்வதுபோல.
மழைக்காலத்து வாஷிங் மெஷினுக்கு
மகள் 'கிச்சுகிச்சு' என்று பேர் வைத்திருந்தாள்.

இந்த வீட்டுக்கு வயரிங் செய்தது அவர்தான்.
விசா வருவதற்கு முன்னால், சொந்தக் கையால்.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மஸ்கட்டின் ஏசி சத்தம் மட்டும்.
"குழி வெட்ட அப்பம் காசில்ல பிள்ளே.
மண்ணுக்குள்ள கெடக்கியதுதானே, ஆரு பாக்கப் போறா.
பொறவு செய்யலாம்னு..."
அந்த ஊரில் எத்தனை ஓட்டலுக்கு
எர்த் போட்டிருப்பார் என்று
நான் கேட்கவில்லை.

பலாவுக்குத் தள்ளி எட்டடிக் குழி.
செம்மண், அதற்குக் கீழே வெட்டுக்கல்.
பைப்பைச் சுற்றிக் கரி ஒரு அட்டி,
உப்பு ஒரு அட்டி, மறுபடி கரி.
புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் அடுக்குகிற கை,
நானே இறங்கி அடுக்கினேன்.
ஒன்பது குடம் ஊற்றியும்
மண் குடித்துக்கொண்டே இருந்தது.

அடுப்புக்குத் தனி வழி, ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு.
ஓவனுக்கு வேறு வழி, நாலு.
நடுவில் எங்கும் ஒட்டுப் போடவில்லை.
அணைக்கிற சுவிட்ச் அடுப்புக்கு மேலே இல்லை, பக்கத்தில்.
எண்ணெய் பற்றினால்
தீக்கு மேலேயா கையை நீட்டுவது?

கடைசியாக ஒரு வெள்ளைப் பெட்டி.
போன கரண்டு அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று
எண்ணிக்கொண்டே இருக்குமாம்.
முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால்
யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்குகிறது.
உடனே அறுத்துவிடும்.
"கொஞ்சங்கூடக் காத்திருக்காதா?"
"இல்ல சேச்சி."

வேளாங்கண்ணிக் காந்தத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து
பாத்திரங்களைச் சோதித்தேன்.
தோசைக்கல் பிடித்துக்கொண்டது.
சீதனமாக வந்த அலுமினியச் சருவம் கைவிட்டது.
முதல் கேக் நடுவில் பள்ளம்,
முந்திரிங்கா எல்லாம் அடியில்.
அது வயரிங்கின் குற்றமல்ல.

ராத்திரி அடுக்களை கழுவிய ஈரத்தில்
செருப்பில்லாமல் நின்று
ஃபிரிட்ஜில் உள்ளங்கையை முழுசாக வைத்தேன்.
குளிர்ந்த தகரம்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

மாசம் ஒருதரம்
வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பார்க்கணும்.
ஒன்றாம் தேதி அவர் கூப்பிட்டார்.
"அமுக்கினியா?"
போனைப் பெட்டிப் பக்கம் நீட்டி அமுக்கினேன்.
டக்.
வீடு மொத்தமும் இருட்டு.
ரோட்டுக்கு எதிரே சுகந்தகுமாரியின் ஜன்னல் மட்டும்.
"கேட்டுதா?"
"கேட்டுது," என்றார்.